தண்ணிக்கு இரண்டு கிலோ கழித்து

"நூறுலருந்து ஏழு போனா எவ்வளவும்மா?"

டாக்டர் சிங்களத்தில் கேட்டதைத் தாதி தமிழில் சொன்னார். அம்மாயி என் முகத்தைப் பார்த்தாள். தாதி மறுபடி கேட்டார். "எதுக்குப் போகணும்?" என்றாள் அம்மாயி.

அடுத்தது கடிகாரம் வரைவது. பென்சில் பிடித்து அவளை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரொட்டி தட்டுவதுபோல் ஒரு வட்டம் நன்றாகவே வந்தது. எண்களை எங்கே போடுவது என்று தெரியவில்லை. அவள் ஆயுசில் நேரம் என்பது ஸ்டோரில் ஊதும் சங்கு, காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்கு அடிக்கும் தப்பு. மணிக்கூடு தொரைமாருடைய சாமான். பிறகு விலங்குப் படங்கள். சிங்கத்தைச் சரியாகச் சொன்னாள், கோயில் வாகனத்தில் பார்த்திருக்கிறாள். காண்டாமிருகத்தைப் பார்த்து "கொம்பு மொளச்ச எருமை" என்றாள். 30-க்கு 9 என்று கொப்பியில் எழுதினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் சாயத்தண்ணி குடிக்கும்போது சும்மா கேட்டேன்: "பேருக்குப் பதினெட்டு கிலோ அம்மாயி. இன்னைக்கு கொழுந்து இருபத்தியொன்னு எடுத்திருக்க. எவ்வளவு கைக்காசு?"

"மூணு கிலோ." கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "மழை நாளுன்னா தண்ணிக்கு ரெண்டு கிலோ வெட்டிருவானுக. ஒன்னுதான் தேறும்."

இதை வைத்து அவளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. வருத்தம் இருந்தது. சாப்பிட்ட அரைமணியில் இன்னும் சோறு போடவில்லை என்பாள். அடுப்பில் விறகை எரியவிட்டு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஐம்பது வருஷம் நடந்த கோயில் பாதையில் ஒருநாள் லயத்துக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டாள். அந்தத் தாள் அளந்ததில் பாதி அவளுக்குக் கிடைக்காத பள்ளிக்கூடத்தை. எந்தச் சிகிச்சை நல்லது என்று ஒப்பிடும் முன்னால் தராசைச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

தராசைச் சரிசெய்தவர்கள் இருக்கிறார்கள். 30 மதிப்பெண் கொண்ட இந்தத் தாளின் பெயர் மொன்றியல் அறிதிறன் மதிப்பீடு. 2005-ல் கனடாவிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் இதைத் தமிழுக்கு ஏற்றபடி மாற்றிச் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். அதற்கும் முன்னால், 1998-ல் கொச்சியில் கூடிய ஒரு மாநாட்டில் '10/66' என்று ஓர் ஆய்வுக்குழு பிறந்தது. மறதி நோயாளிகளில் 66 வீதம் பேர் ஏழை நாடுகளில், ஆய்வில் 10 வீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயரின் கணக்கு. சென்னையும் வேலூரும் அதன் களங்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்விகள் வேறு மாதிரி: பாலம் என்றால் என்ன, சுத்தியலை வைத்து என்ன செய்வோம், மருந்து வாங்க எங்கே போவோம். அதோடு, வீட்டில் கூட இருப்பவரைத் தனியாக உட்காரவைத்து, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் ஆளிடம் என்ன மாற்றம் என்று கேட்பார்கள். எழுத்தறியாத பெரியவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் உயிர். அம்மாயி விஷயத்தில் விறகடுப்புக் கதையை யாரும் கேட்கவில்லை. நாமாகச் சொல்லவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்துப் பொல்பிட்டியவைப் பலருக்கு மின்நிலையமாகத்தான் தெரியும். 1969-ல் ஓடத் தொடங்கியது. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் இந்தப் பக்கத்தில்தான் சேர்ந்து களனி கங்கையாகின்றன. தீவில் மழை அதிகம் கொட்டும் வட்டாரங்களில் ஒன்று. மேலே தோட்டங்கள். அங்கிருந்து இறங்கி, பஸ் பிடித்து, கினிகத்தேனையோ நாவலப்பிட்டியோ டிக்கோயாவோ போய்ச் சேர்வதற்குள் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். கூட்டிப்போகிறவளின் பேரையும் சேர்த்துச் சொல்கிறேன். அரசாங்க வைத்தியசாலையில் மருந்துக்குக் காசில்லை. பேர் விழாத அந்த நாள்தான் இங்கே வைத்தியச் செலவு.

டாக்டர்கள் இந்த மறதியை இரண்டு படியாகப் பிரிக்கிறார்கள். மறதி வயதுக்கு மீறி இருக்கிறது, சோதித்தாலும் தெரிகிறது, ஆனால் ஆள் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்றால் அது லேசான அறிதிறன் குறைபாடு. சமையல், காசுக் கணக்கு, மருந்து, வழி என்று அன்றாடம் தடுமாறத் தொடங்கினால் அது டிமென்ஷியா, நம் வாயில் மறதி நோய். முதல் படியில் நிற்கும் எல்லாரும் இரண்டாவதற்குப் போவதில்லை. சிலர் அதே இடத்தில் நிற்பார்கள், சிலர் திரும்பியும் வருவார்கள். 'இந்த மருந்து சாப்பிட்டு மறதி போயிற்று' என்று யாராவது சொன்னால், தானாகவே திரும்பியிருக்கக்கூடியவரா என்று ஒரு சந்தேகம் மனசில் இருக்கட்டும். ராகமையில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரைப் பார்த்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில் 28 பேருக்கு மறதி நோய் இருந்தது. அதில் 20 பேருக்கு அல்சைமர் வகை.

சிகிச்சைகளை ஒப்பிடும்போது எல்லாரும் மாத்திரையிலிருந்து தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் மாத்திரையை நிறுத்துவதிலிருந்து தொடங்க வேண்டும். அம்மாயியின் தலைமாட்டில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதைக் கட்டிலில் கவிழ்த்துப் பார்த்தோம். சளிக்கும் சொறிக்கும் என்று எப்போதோ வாங்கிய சின்ன மஞ்சள் பிரிட்டோன் மாத்திரை, தினமும் ராத்திரி ஒன்று, 'தூக்கம் நல்லா வருது' என்பதற்காக. கால் எரிச்சலுக்கு எழுதிக்கொடுத்த அமிட்ரிப்டிலின். இரண்டும் மூளையில் அசிட்டில்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பவை. ஞாபகத்துக்கு வேண்டிய அதே ரசாயனம். இளம் வயதில் தெரியாது, 75-ல் ஆளையே மந்தமாக்கிவிடும். டாக்டரிடம் டின்னையே கொண்டுபோய்க் காட்டினோம். ஒன்றை உடனேயும் மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகவும் நிறுத்தினார். மூன்று வாரத்தில் அவள் காலையில் எழுந்து முகம் கழுவும் வேகமே மாறிவிட்டது.

இப்படித் திருத்தக்கூடியவை இன்னும் உண்டு. பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மறதிபோல் வேஷம் போடும் மனச்சோர்வு, கசிப்பு, வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு மெதுவாகக் கட்டிய ரத்தம். மழைக்கு வழுக்கும் படிக்கட்டுகள் உள்ள லயங்களில் இந்தக் கடைசிக் காரணத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் ஒரு ஸ்கேனும் போதும். இதையெல்லாம் பார்க்காமல் 'வயசானா அப்பிடித்தான்' என்று கொப்பியை மூடுவது தோட்டத்திலும் நடக்கிறது, கொழும்பிலும் நடக்கிறது.

இனி மாத்திரை. டொனெபெசில் 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குறைந்துபோன அசிட்டில்கோலின் சீக்கிரம் அழியாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. ரிவஸ்டிக்மின், கலன்டமின் இரண்டும் அதே ஜாதி. அல்சைமர் மறதி நோய்க்கு இவை உதவுகின்றன. எவ்வளவு? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ன் கொக்ரேன் மதிப்பீட்டில், 70 புள்ளி அளவுகோலில் ஆறு மாதத்தில் ஏறக்குறைய 2.7 புள்ளி வித்தியாசம். வீட்டில் அது சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. குமட்டல், வயிற்றுப்போக்கு, பயங்கரக் கனவு, நாடித்துடிப்புக் குறைவது ஆகியவை பக்கவிளைவுகள். மெமன்டைன் நடுத்தர, முற்றிய நிலைக்கானது. ஆரம்ப நிலைக்காரர் அதைக் கேட்டு அலைய வேண்டாம்.

லேசான குறைபாட்டுக்கே மாத்திரை கொடுத்தால் மறதி நோய் வராமல் தடுக்கலாமா? 2005-ல் 769 பேரை வைத்து நடந்த ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. ஒரு பகுதிக்கு டொனெபெசில், ஒரு பகுதிக்கு வைட்டமின் ஈ, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. முதல் வருஷம் டொனெபெசில்காரர்கள் கொஞ்சம் தப்பித்தார்கள். மூன்றாம் வருஷ முடிவில் மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசமில்லை. வைட்டமின் ஈ ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் செய்யவில்லை. டவுன் பார்மசிகளில் 'ஞாபகத்துக்கு' என்று விற்கும் கிங்கோவும் அதே கதைதான்: 3,069 முதியவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள், மறதி நோயை அது தடுக்கவில்லை.

அம்மாயிக்கு டொனெபெசில் தொடங்கினார்கள். முதல் மாதம் வாந்தி. பாதி மாத்திரையாக்கி, சாப்பிட்டபின் கொடுத்ததும் நின்றது. தெளிவு வந்ததா? அம்மா வந்தது என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. மாமா, "பிரிட்டோனை நிறுத்தினதுலதான் எல்லாம்" என்று இன்றைக்கும் வாதாடுவார்.

இப்போது பத்திரிகைகளில் அடிபடுவது ஊசி மருந்து. லெகனெமாப் 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது, டொனனெமாப் 2024 ஜூலையில். மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை இவை உண்மையாகவே அகற்றுகின்றன. இந்த வகைக்கு முன் எந்த மருந்தும் நோயின் மூலத்தில் இவ்வளவு தூரம் கை வைத்ததில்லை, அதை மறுக்க முடியாது. லேசான குறைபாடு, ஆரம்ப மறதி நோய், இந்த இரண்டு கட்டத்துக்கு மட்டும். அதுவும் அமிலாய்டு இருப்பதை விசேஷ ஸ்கேனிலோ முதுகுத்தண்டு நீரிலோ உறுதி செய்தபின். லெகனெமாப் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும், டொனனெமாப் மாதம் ஒருமுறை.

1,795 பேரை 18 மாதம் பார்த்த லெகனெமாப் ஆய்வில் 27 வீதம் மந்தமானது என்று தலைப்புப் போட்டார்கள். இங்கேதான் தண்ணிக்கு வெட்ட வேண்டும். 18 புள்ளி அளவுகோலில் வெறும் ஊசி போட்டவர்கள் 1.66 புள்ளி சரிந்தார்கள், மருந்து போட்டவர்கள் 1.21. வித்தியாசம் 0.45. இரண்டு பக்கமும் சரிந்துகொண்டுதான் இருந்தார்கள், ஒரு பக்கம் கொஞ்சம் மெதுவாக. மருந்து போட்டவர்களில் 12.6 வீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. பெரும்பாலோருக்கு அறிகுறியில்லை, சிலருக்கு ஆபத்தானது. அதனால் தொடங்கும் முன்பும் இடையிலும் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

விலை, அமெரிக்காவில் வந்தபோது வருஷத்துக்கு 26,500 டொலர். ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 79 லட்சத்து 50 ஆயிரம். 2024-ல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 5,900 நாள். மாதம் 25 நாள் பேர் விழுந்தால் இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சம்பளத்தில் ஒரு வருஷ மருந்துக்கு ஒரு பெண் இருபது வருஷம் கொழுந்தெடுக்க வேண்டும். ஸ்கேன் செலவும் பஸ் காசும் இதில் சேரவில்லை. இந்த மருந்துகள் மலிவாகும் காலம் வரலாம், வரட்டும். இன்றைக்கு இதை நினைத்து மனம் குமைய வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கைவிட்டுப்போனது 0.45 புள்ளி, அதற்கு மேல் இல்லை.

வல்லாரையைக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். சிங்கள வீட்டில் கொட்டுகொல சம்பல், நம் வீட்டில் வல்லாரைச் சுண்டல். நல்ல கீரை, தாராளமாகச் சாப்பிடலாம். பல ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் பார்த்தபோது ஞாபகசக்தியைக் கூட்டியதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. கீரையாக இருக்கும்வரை நஷ்டமில்லை. 'மூளை லேகியம்' என்று போத்தலில் வந்து, அதை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறார்கள் பாருங்கள், அங்கேதான் கேடு.

பிரஷர் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஒப்பீட்டில் தோட்ட டிஸ்பென்சரியே செய்யக்கூடிய ஒரே காரியம் அதுதான். அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. மேல் அளவை 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட 120-க்குக் கீழே வைத்தவர்களுக்கு லேசான குறைபாடு 19 வீதம் குறைந்தது. மறதி நோயில் தெளிவான வித்தியாசம் காட்ட முடியவில்லை, ஆய்வு பாதியில் நின்றதும் ஒரு காரணம். பின்லாந்தில் 1,260 பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர்-சீனிக் கவனிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து 2015-ல் நல்ல பலன் கண்டார்கள். மலை ஏறி இறங்கிய காலுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வேண்டியதில்லை. ஈ.பி.எஃப். காசு எடுத்த மறுநாளிலிருந்து அந்தக் கால் இஸ்தோப்பை விட்டு இறங்காததுதான் சங்கடம்.

காதையும் பாருங்கள். தொழிற்சாலை உருளை மெஷினுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவருக்குக் காது கேட்காமல் போயிருக்கும், நாம் மறதி என்போம். காது கருவி கொடுத்து 977 பேரை மூன்று வருஷம் பார்த்த 2023 ஆய்வில் மொத்தமாக எடுத்தால் பலனில்லை. ஆபத்து அதிகம் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் அறிதிறன் சரிவு 48 வீதம் மந்தமாகியிருந்தது. கருவி வரும்வரை காதுக் குறும்பியையாவது எடுக்கலாம். அம்மாயியின் இடது காதிலிருந்து கிளினிக்கில் எடுத்ததைப் பார்த்து தாதியே சிரித்துவிட்டார்.

நான் கடைசியில் வைத்திருப்பது மருந்தே இல்லாத ஒன்று. இங்கிலாந்தில் ஏய்மி ஸ்பெக்டரும் கூட்டாளிகளும் 2003-ல் வெளியிட்டார்கள். அறிதிறன் தூண்டல் சிகிச்சை என்று சொல்லலாம். மறதி நோய் உள்ள சில பேர் ஒன்றாக உட்கார்வார்கள். வாரம் இரண்டு முறை, 45 நிமிடம், ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வு. கூட்டத்துக்கு அவர்களே பெயர் வைப்பார்கள். ஒரு பாட்டு, பந்து தூக்கிப் போடுவது, பிறகு அன்றைய பொருள்: சின்ன வயசு, சாப்பாடு, காசு, சத்தங்கள், முகங்கள். 201 பேரிடம் சோதித்ததில் கிடைத்த பலன் டொனெபெசில் வகை மாத்திரைகளோடு ஒப்பிடக்கூடிய அளவில் இருந்தது. குமட்டல் இல்லை, எம்.ஆர்.ஐ. இல்லை. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் இதைத் தமிழுக்கு மாற்றியது. நம் ஆட்களுக்குப் பழக்கமான பொருள், பாட்டு, விளையாட்டு என்று அந்த வேலை 2017-ல் ஆய்வாகவும் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழில் ஏற்கெனவே இருக்கிற ஒன்று ஹட்டனுக்கு வர மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி தேவையில்லை, பயிற்சி எடுத்த இரண்டு பேர் போதும். அந்த இரண்டு பேரைத் தோட்டத்துக்கு அனுப்ப யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

கோவாவில் இதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து 81 குடும்பங்களோடு வேலை செய்தார்கள், 2008-ல் வெளிவந்தது. பார்த்துக்கொள்கிறவர்களின் மனநிலை தேறியது. லயத்துக் காம்பராவில் ராத்திரி மூன்று தடவை எழுந்து, காலையில் பெரட்டுக்கு ஓடும் மருமகளுக்கும் வைத்தியம் வேண்டும் என்று எந்தக் கொப்பியில் எழுதுகிறார்கள்?

எங்கள் லயத்தில் நடப்பதைச் சிகிச்சை என்று சொல்ல எனக்குக் கூச்சம். மாமிதான் தொடங்கினாள். அம்மாயி, பக்கத்துக் காம்பரா அப்பாயி, ஸ்டோரில் இருந்த ஒரு தாத்தா, மூன்று பேரையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இஸ்தோப்பில் கூட்டி உட்காரவைப்பாள். முதல் இரண்டு வாரம் சண்டைதான். "காலையில என்ன சாப்பிட்ட, ஞாபகம் இருக்கா?" என்று மாமி கேட்பாள். அம்மாயி முகம் சுருங்கி உள்ளே போய்விடுவாள். அந்தச் சிகிச்சையில் ஒரு விதி உண்டு என்று நான் படித்துச் சொன்னேன்: சரி தப்பு உள்ள கேள்வி கேட்கக்கூடாது, அபிப்பிராயம் கேட்க வேண்டும்.

போன முறை போயிருந்தபோது மழை. தகரத்தில் விழும் சத்தத்தில் மாமி கத்திக் கேட்டாள்: "ரொட்டிக்கு எது நல்லது, கட்டச் சம்பலா, தேங்காச் சம்பலா?"

"கட்டச் சம்பல்" என்றார் தாத்தா.

"பல்லு இல்லாதவனுக்கு ரொட்டியே எதுக்கு?" என்றாள் அம்மாயி. அப்பாயி சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த தகரக் கோப்பை உருண்டு படிக்கட்டுக்குப் போனது. தாத்தா விடவில்லை. மாசி போட்ட சம்பலைப் பற்றித் தொடங்கி, பெரிய கங்காணி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், நாலு மணிச் சங்கு ஊதும்வரை மூன்று பேரும் ஓயவில்லை.